மாத்திரையை நிறுத்தியது யார்?



இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு முகச்சுளிப்பை உண்டாக்கலாம். "குடும்பத்தோடு படிக்கும் இதழில் இதெல்லாம் வேண்டுமா?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். குடும்பத்தோடு படிக்கும் இதழ் என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்கள் மருந்தை விடாமல் உட்கொள்வது பற்றியும், அவர்கள் அதை விட்டுவிட நேர்வதில் நமக்குள்ள பங்கு பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

2008-ஆம் ஆண்டு. அப்போது நான் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருப்பு செம்பூர். ஆனாலும் பிறந்து வளர்ந்தது தாராவி என்பதால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய்விடுவேன். பொங்கல் விழாவுக்குப் பந்தல் கட்டவும், நாற்காலி சுமக்கவும் முதல் ஆளாக நிற்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. என்னை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள், கால் முறிந்து கிடந்த உறவினர் ஒருவரைப் பார்க்க அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போனேன். அங்கே சிவப்பு ரிப்பன் படம் போட்ட பலகையின் கீழே, பெஞ்சில் அந்த இளைஞர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். நானும் பார்க்காததுபோல் நடந்துவிட்டேன். அதோடு விட்டிருந்தால் நல்ல மனிதனாக இருந்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நண்பர் ஒருவரிடம், "பாவம் அந்தப் பையன்" என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன். பரிதாபப்பட்டுத்தான் சொன்னேன். வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

பத்து நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பட்டறையில் அவருக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். வீட்டுக்காரர், "மகளுக்குக் கல்யாணம் வருது, அறையைக் காலி பண்ணிக் கொடு" என்றார். ஒரு மாலை அந்த இளைஞர் என்னைத் தேடி வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"அண்ணாச்சி, நீங்க கெட்ட எண்ணத்துல சொல்லலைன்னு எனக்குத் தெரியும். ஆனா இனிமே அந்த பெஞ்சுல நான் எப்படிப் போய் உக்காருவேன்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். மருந்தை அங்கேயும் தொடரவில்லை. ஒன்றரை வருடத்தில் காசநோய் பற்றிக்கொண்டு இறந்து போனார். மருந்து இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. கிடைக்காமல் சாகவில்லை அவர். போய் வாங்க முடியாமல் செத்தார். போக முடியாமல் செய்தவன் நான்.

அவருடைய மனைவி இன்று நலமாக இருக்கிறார், தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். பிள்ளைக்குக் கிருமி இல்லை. அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். இந்த ஜாக்கிரதை எனக்குப் பதினேழு வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தது நம் சென்னையில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்பட்டது. அந்த நாட்களில் இந்நோய் என்றால் சாவு என்றே பொருள். மருந்து இருந்தும் சாமானியன் வாங்கக்கூடிய விலையில் இல்லை. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்தைத் தொடங்கியது. அந்த எட்டில் சென்னையின் தாம்பரமும் ஒன்று, மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனையும் ஒன்று. ஆக, நம்மைப்போல இரண்டு ஊரிலும் கால் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு ஊரிலும் ஆரம்பத்திலேயே வசதி வந்துவிட்டது.

அதன்பின் வழி இன்னும் சுலபமாகியிருக்கிறது. முன்பு எதிர்ப்புச் சக்தி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால்தான் மருந்து கொடுப்பார்கள். 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த உடனேயே மருந்து தொடங்கிவிடுகிறார்கள். இப்போது பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. அதை ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்து அதே நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் அவர் துணைக்குக் கிருமி பரவுவதில்லை. இது உலக அளவில் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. கர்ப்பிணித் தாய் மருந்தெடுக்காவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 15 முதல் 45 வரை. ஒழுங்காக எடுத்தால் 5-க்கும் கீழே வந்துவிடுகிறது. சர்க்கரை நோய்க்காரர், ரத்த அழுத்தக்காரர் மாதிரி இவர்களும் வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பேரன் பேத்தி பார்க்கலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. மருந்தை நிறுத்தக் கூடாது.

நான் டிப்ளமா படித்தவன், டாக்டர் அல்ல. எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறேன். ஒரு ரயில் பெட்டி நன்றாக ஓடுகிறது என்பதற்காக அதைப் பணிமனைக்கு அனுப்பாமல் விட்டுவிடுவோமா? குறித்த காலத்தில் வந்தே தீரவேண்டும். நன்றாக ஓடுவதே பராமரித்ததால்தான். "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவர் நினைத்தால், ஒரு நாள் பாதி வழியில் நின்றுவிடும். இந்த மருந்தும் அப்படித்தான். உடம்பு தேறியதும், "இனி எதற்கு மாத்திரை?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி மறுபடி பெருகுகிறது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே அடங்காத கிருமியாக அது மாறிவிடவும் கூடும். பிறகு வேறு மருந்துக்குப் போகவேண்டும். அதுவும் பயனற்றுப் போனால் வழி இன்னும் குறுகிவிடும்.

இந்தியாவில் இக்கிருமியோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். எண்ணிக்கையில் அதிகம் உள்ள மாநிலம் நாம் வாழும் மகாராஷ்டிரம். தமிழர்களுக்குள் இது அதிகம் என்றோ, தாராவியில் அதிகம் என்றோ நான் சொல்ல வரவில்லை. தாராவியின் மேல் ஊரார் போட்ட பழிகள் போதும். நமக்குள் இருக்கும் சிலர், மருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தும் விட்டுவிடுகிறார்களே, ஏன் என்பதுதான் என் கேள்வி. அந்த அம்மாவிடமும், அவர் மூலம் தெரிந்த இன்னும் சிலரிடமும் பேசியதில் எனக்கு விளங்கிய காரணங்களைச் சொல்கிறேன்.

முதற்காரணம் இடநெருக்கடி. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். மாத்திரை டப்பாவை எங்கே ஒளித்து வைப்பது? டப்பா குலுங்கும் சத்தத்துக்குப் பயந்து காகிதத்தில் மடித்து அரிசிப் பானைக்குள் வைத்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். விருந்தாளி வந்துவிட்டால் அன்றைக்கு மாத்திரை இல்லை.

இரண்டாவது கூலி. மருத்துவமனைக்குப் போனால் அரை நாள் போய்விடும். பட்டறையிலும் இட்லிக் கடையிலும் அரை நாள் என்பது அன்றைய அடுப்பு. "எங்கே போனாய்?" என்று முதலாளி கேட்பதற்கு மாதாமாதம் ஒரு பொய் தேடவேண்டும்.

மூன்றாவது மொழி. ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஆலோசகர் நல்லவராகத்தான் இருப்பார், பொறுமையாகத்தான் சொல்வார். பாதி புரியாது. மொழிபெயர்க்கப் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூட்டிப் போகமுடியுமா? பத்து வயது மகனை நடுவில் உட்காரவைத்து இதைப் பேச முடியுமா?

நான்காவது, நமக்கே உரியது. ஊர்ப் பயணம். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் நாகர்கோவில் ரயிலில் ஏறினால், பத்து நாள் என்று போனவர் ஒன்றரை மாதம் தங்கிவிடுவார். கையிலிருந்த மருந்து தீர்ந்துவிடும். பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் மருந்து உண்டு. ஆனால் அங்கே சித்தப்பா மகன் எதிரில் வருவானே! இப்போது தாராவியில் மறுசீரமைப்பு வேலைகள் நடக்கின்றன. வீடு மாறி வெகுதூரம் போக நேரும் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் வரும்.

ஐந்தாவது தவறான நம்பிக்கைகள். "குடித்த அன்றைக்கு மாத்திரை சாப்பிடக் கூடாது" என்று நினைத்து, குடித்த நாளெல்லாம் விட்டுவிடுகிறார்கள். குடி கெடுதல்தான், விட்டுவிடுவதே நல்லது. ஆனால் குடித்துவிட்ட அன்றும் மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்பதே மருத்துவர் சொல்வது. வேண்டுதல் பலித்துவிட்டது, ஜெபத்தில் குணமாகிவிட்டது என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. சாமியும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். பூரண குணம் என்று விளம்பரம் செய்து பணம் பறிப்பவர்களை மட்டும் நம்பவேண்டாம்.

இத்தனைக்கும் அடியில் இருக்கும் காரணம் ஒன்றே. பயம். கிருமிக்குப் பயமல்ல, நமக்குப் பயம். அடுத்த வீட்டுத் தமிழனுக்குப் பயம். மொழி தெரியாத ஊரில் நாம் ஒருவருக்கொருவர் துணையாக வாழ்ந்தவர்கள். வேலை வாங்கித் தந்தோம், வீடு பார்த்துத் தந்தோம், சாவுக்குத் தோள் கொடுத்தோம். அந்த நெருக்கமே இந்த ஒரு விஷயத்தில் கயிறாக இறுக்குகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள குறையல்ல. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள பூர்வகுடி மக்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். சிறிய ஊர், எல்லோரும் சொந்தம். மருத்துவமனையில் வேலை பார்ப்பவரே அத்தை மகளாக இருப்பார். வெளியே போனால் பெரிய மருத்துவமனைகளில் அவமதிப்பு. ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் 1971-இல் சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில் தங்கள் மருத்துவ நிலையத்தைத் தாங்களே தொடங்கினார்கள். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பூர்வகுடியினருக்குள் எச்.ஐ.வி. அதிகமானபோது, "உன் நிலையை அறிந்துகொள்" என்ற பெயரில் அச்சமூகங்களே பரிசோதனையையும் சிகிச்சையையும் தங்கள் ஊருக்குள் கொண்டுவந்தன. ஊர்ப் பெரியவர்கள் முன்நின்றார்கள். கூச்சம் குறைந்தது, மருந்து தொடர்ந்தது. எந்த நெருக்கம் அவர்களைப் பயமுறுத்தியதோ, அதையே அவர்கள் துணையாக்கிக்கொண்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மவர்களே வழி காட்டியிருக்கிறார்கள். கிருமியோடு வாழ்பவர்களின் இந்திய அளவிலான கூட்டமைப்பு 1997-இல் சென்னையில்தான் உருவாயிற்று. மறு ஆண்டே நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த கௌசல்யா என்ற பெண்மணி, கணவனால் கிருமி தொற்றிய தன் கதையை மறைக்காமல், பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். தானும் அதே மாத்திரையைச் சாப்பிடும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது உண்டாகும் தைரியத்தை எந்தச் சுவரொட்டியும் தருவதில்லை. நம் ரயில்வேயும் தன் பங்குக்கு, 2007 டிசம்பர் 1-ஆம் தேதி சிவப்பு ரிப்பன் விரைவு ரயிலை விட்டது. ஊர் ஊராகப் போய் அது விழிப்புணர்வு பரப்பியது. ரயில் வந்து போய்விடும். தினமும் கூட இருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

"தவறான வழியில் போனவனுக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. அவரிடம் நான் கேட்டது இதுதான்: கழுத்தை நீட்டித் தாலி வாங்கியதைத் தவிர அந்தப் பெண் செய்த தவறு என்ன? பிறந்ததைத் தவிர அந்தக் குழந்தை செய்த தவறு என்ன? தவறு செய்தவர் என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குத் தண்டனை சாவு என்று தீர்ப்பெழுத நம்மை யார் நியமித்தார்கள்? ஒருவர் மருந்தைத் தொடர்ந்தால் அவர் மனைவி பிழைக்கிறார், பிறக்கும் பிள்ளை பிழைக்கிறது. கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் லாபம் அதில்தான் இருக்கிறது.

சட்டமும் இப்போது துணைக்கு இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. கிருமி இருக்கிறது என்பதற்காக வேலையிலிருந்து நீக்குவதும், வீட்டைக் காலி செய்யச் சொல்வதும், பள்ளியில் சேர்க்க மறுப்பதும், சிகிச்சை மறுப்பதும் குற்றம் குறையில்லாத செயல்கள் என்று இனி யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. அத்தனையையும் சட்டம் தடை செய்கிறது. ஒருவர் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதற்கும் தடை உண்டு. அன்று டீக்கடையில் நான் செய்தது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை இதைப் படித்தபின்தான் உணர்ந்தேன்.

நம் சங்கங்கள் என்ன செய்யலாம்? என் தாழ்மையான யோசனைகள் இவை.

முதலாவதாக, தமிழும் மராத்தியும் நன்கறிந்த ஓய்வுபெற்ற ஆண்கள், பெண்கள் பத்துப் பேர் முன்வரட்டும். மருத்துவமனை அதிகாரிகளின் அனுமதியோடு, முறையான பயிற்சி பெற்று, ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்து, சிகிச்சை மையங்களில் மொழித் துணையாக இருக்கலாம். நோயாளியின் தெருக்காரராக இருக்கக் கூடாது. தாராவிக்காரருக்குச் செம்பூர்க்காரரும், செம்பூர்க்காரருக்கு மாட்டுங்காக்காரரும் துணை போகட்டும்.

இரண்டாவதாக, ஊருக்குக் கிளம்புகிறவர்கள் சொல்லாமல் போகக் கூடாது என்பதைப் பரப்பவேண்டும். சிகிச்சை மையத்தில் முன்கூட்டிச் சொன்னால், உடல்நிலை சீராக உள்ளவர்களுக்குச் சேர்த்து மருந்து தருவார்கள். நிரந்தரமாகப் போவதானால் ஊருக்குப் பக்கத்து மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். சிகிச்சைப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். மருந்தை அடியில் போடும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைக்கவேண்டும். பெட்டி தொலைந்த கதைகளை ரயில்வேக்காரனான நான் நிறையவே அறிவேன். சிகிச்சை மையத்துக்குப் போய்வர இரண்டாம் வகுப்பில் 50 சதவீதக் கட்டணச் சலுகையும் ரயில்வேயில் உண்டு. சான்றிதழை ஜன்னலில் நீட்டக் கூச்சப்பட்டே பலர் முழுக் கட்டணம் கொடுக்கிறார்கள்.

மூன்றாவதாக, சங்கம் நடத்தும் கண், சர்க்கரை, ரத்த அழுத்த முகாம்களிலேயே இது பற்றியும் ஒரு மருத்துவர் தமிழில் பேசட்டும். தனிக் கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள். வந்தவரையும் மற்றவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். 1097 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணைச் சங்கப் பலகையில் எழுதி வைக்கலாம். பெயர் சொல்லாமலே அதில் பேசலாம்.

நான்காவதாக, பட்டறை முதலாளிகளாகவும் கடை உரிமையாளர்களாகவும் இருக்கும் நம் அன்பர்கள், மாதத்தில் அரை நாள் விடுப்பு கேட்பவரிடம் காரணம் கேட்காமல் கொடுக்கட்டும். எல்லோருக்கும் பொதுவாக அப்படி ஒரு வழக்கத்தை வைத்துவிட்டால் யார் மீதும் சந்தேகம் விழாது.

ஐந்தாவதாகச் சொல்வதற்குக் காசு செலவில்லை, கூட்டம் வேண்டாம், தீர்மானம் வேண்டாம். ஒருவரை அந்தப் பலகையின் கீழே கண்டால், கண்டதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மனைவியிடமும் சொல்லாதீர்கள், நெருங்கிய நண்பரிடமும் சொல்லாதீர்கள், "பாவம்" என்றும் சொல்லாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கும்போது வழக்கம்போல் டீ வாங்கிக் கொடுங்கள். அதே டம்ளரில்.

நான் ஓய்வுபெற்றபின் மேற்சொன்ன முதல் யோசனைக்கு என் பெயரைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். இன்னும் ஒன்பது பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்கலாம். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் எழுதுங்கள், படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

"அந்த பெஞ்சுல நான் எப்படிப் போய் உக்காருவேன்?" என்று அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இனி ஒருவர் அப்படிக் கேட்டால், "வாங்க தம்பி, நானும் கூட வந்து உக்காருறேன்" என்று சொல்ல விரும்புகிறேன்.